காற்றாலையும் சோலாரும் வந்த ஊர்ல காசு யாருக்கு?

கரிசல்மண் · விளாத்திகுளம் பக்கம்

வணக்கம் மக்களே. எங்க பக்கம் கொஞ்ச வருஷமா சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்கிற புரோக்கருங்க நடமாட்டம் ஜாஸ்தி. முதல்ல குத்தகைன்னு பேசுனாங்க, இப்ப கிரயம்னு பேசுறாங்க. எங்களுக்குத் தாத்தா காலத்துக் கூட்டுப்பட்டா. பங்காளிகள்ல பாதிப் பேர் கையெழுத்துப் போட ரெடி. உளுந்து, பாசி, கம்பு, மல்லின்னு விதைக்கிற மானாவாரிக் கரிசல். மழை தப்புச்சுன்னா விதைச் செலவும் போச்சு. அதனால விக்கிறவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

ஆனா இது எங்க வீட்டு விவகாரம் மட்டும் இல்லை. நிலக்கரி வேண்டாம், வெயில்லயும் காத்துலயும் கரண்ட் எடுப்போம்னு எல்லாரும் பேசுறாங்க. நல்லதுதான். எடுக்கிற இடம் எங்க ஊரு. அந்தக் காசு எங்க போகுது, ஊருக்கு என்ன மிஞ்சுது, வேலை யாருக்குக் கிடைக்குது? அவங்கவங்க ஊர்ல பாத்ததைச் சொல்லுங்க. 'இயற்கைக்கு நல்லதுதானே'ன்னு ஒத்தை வரி போட்டுட்டுப் போறவங்க வேற இழைக்குப் போயிருங்க, புண்ணியமாப் போகும்.

ஆரல்வாய்க்காத்து · ஆரல்வாய்மொழி

தம்பி, இந்தக் கதையை முப்பது வருஷம் முன்னாடியே பாத்தவன் நான். 1986-ல தூத்துக்குடி முள்ளக்காட்டுல சோதனைக்குன்னு சின்னக் காத்தாடிகளை நிறுத்துனாங்க. அப்புறம் முப்பந்தல், கயத்தாறுன்னு பரவுச்சு. 90-கள்ல வந்தவன் முக்காவாசிப் பேரு கரண்டுக்காக வரலை, வரிக்காக வந்தான். மெஷின் விலை மொத்தத்தையும் முதல் வருஷமே தேய்மானம்னு கணக்குல கழிச்சுக்கலாம்னு அப்ப சலுகை. அதனால மார்ச் 31-க்குள்ள காத்தாடி நின்னாப் போதும், சுத்துதா இல்லையான்னு யாரும் பெருசா கவலைப்படலை. பிப்ரவரி, மார்ச்ல எங்க ஊர்ல லாட்ஜ்ல ரூம் கிடைக்காது. அந்தச் சலுகை பின்னால 80 சதவீதமாச்சு, 2012-ல நின்னுச்சு, 2014-ல திரும்ப வந்துச்சு, 2017-ல 40 ஆயிருச்சு. ஒவ்வொரு தடவை அது ஆடுறப்பவும் எங்க ஊர் டீக்கடை வியாபாரமும் சேர்ந்து ஆடுச்சு.

நிலம்? அன்னைக்கு முள்ளுக்காடுன்னு அடிமாட்டு விலைக்குக் குடுத்தவங்கதான் அதிகம். மொத்தமா கிரயம் பண்ணினவனுக்கு அன்னைக்கு வாங்கின காசோட சரி. காத்தாடி நிக்கிற இடத்தையும் பாதையையும் மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை வச்சுக்கிட்டவன் இன்னைக்கும் அடியில வாழை போட்டுக்கிட்டு இருக்கான். சோலார்ல அது முடியாது. வேலி போட்டா உள்ள ஆடு கூடப் போகாது. உங்க விஷயத்துல நான் முதல்ல பாக்குறது இந்த வித்தியாசத்தைத்தான்.

நல்லதையும் சொல்லிடறேன். எங்க பக்கத்து ஐடிஐ பயலுகளுக்கு இது ஒரு தொழிலாச்சு. டவர் ஏறுறது, இறக்கை மாத்துறது, கியர்பாக்ஸ் பாக்குறது, கிரேன் ஓட்டுறதுன்னு கத்துக்கிட்டுக் குஜராத், கர்நாடகா, ஆந்திரான்னு போனவங்க வீட்டுக்கு வீடு உண்டு. ஊர்ல காசு தங்குச்சுன்னா அது நிலத்தால இல்லை, இந்தக் கைவேலையால.

ஸ்பின்னிங்மாஸ்டர் · கோவை

அண்ணாச்சி, வரிக்காக மட்டும்னு சொல்லாதீங்க. 2008-லிருந்து 2012 வரைக்கும் கோவை, திருப்பூர்ல இருந்தவங்களுக்குத் தெரியும். உச்சத்துல ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. டீசல் போட்டு ஸ்பின்டில் ஓட்டினா நூல் விலை கட்டுபடியாகாது. ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட்தான். அன்னைக்கு சொந்தமா காற்றாலை வச்சிருந்த மில்லுதான் ஷிப்ட் கேன்சல் பண்ணாம தாக்குப்பிடிச்சது.

இதுல பேங்கிங்னு ஒரு ஏற்பாடு. மே முதல் செப்டம்பர் வரைக்கும் உங்க பக்கம் காத்து கொட்டும். அப்ப மில்லு பயன்படுத்தினது போக மிச்ச யூனிட்டை மின்வாரியக் கணக்குல போட்டு வச்சு, காத்து இல்லாத மாசத்துல எடுத்துக்கலாம். வருஷக் கணக்கு மார்ச்சோட முடியும். அதுக்கு ஒரு கட்டணம், அதையும் ஏத்திக்கிட்டே இருக்காங்க. ராஜபாளையம், திண்டுக்கல், கோவைன்னு எத்தனை மில்லுத் தொழிலாளி வீட்டு அடுப்பு இந்தப் பேங்கிங்கால எரிஞ்சதுன்னு யாரும் கணக்கெடுக்கல.

கரிசல்மண்

மாஸ்டர், நீங்க சொன்னது எல்லாம் நிஜம். அதுலயே என் கேள்வியும் இருக்கு. காத்து எங்க ஊர்ல, மெஷின் எங்க ஊர்ல, வேலை காப்பாத்தப்பட்டது உங்க ஊர்ல.

இபி_ரிட்டயர்டு · மதுரை

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நான் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன்.

பெரிய தொழிற்சாலை, பெரிய மில் இவர்கள்தான் யூனிட்டுக்கு அதிக விலை கொடுக்கும் வாடிக்கையாளர்கள். அவர்கள் கொடுப்பதை வைத்துத்தான் விவசாயத்துக்கு இலவசம், வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், விசைத்தறிக்குச் சலுகை எல்லாம் ஓடுகிறது. அரசு மானியம் தருகிறது, ஆனால் அது போதுவதில்லை. பெரிய ஆட்கள் ஒவ்வொருவராகச் சொந்தக் காற்றாலை, சொந்த சோலார் என்று போய்விட்டால், கம்பியும் டிரான்ஸ்பார்மரும் பராமரிக்கிற செலவு மிச்சம் இருக்கிறவர்கள் தலையில் விழும். வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதற்கு இது மட்டும் காரணமில்லை, ஆனால் இதுவும் ஒன்று. 2022 செப்டம்பரில் இருந்து கட்டணம் ஏறியதை உங்கள் பில்லில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது மாலை நேரம். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். மதியம் சோலார் கை கொடுக்கும். ஆறரை மணிக்கு சோலார் போய்விடும், வீட்டுக்கு வீடு ஏசி ஓடும். அந்த நாலைந்து மணி நேரத்துக்காக அனல் மின்நிலையத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக் கட்டணம் உண்டு. மலிவான கரண்ட் வந்தும் பில் குறையவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. பகலில் மிஞ்சும் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கும் நீரேற்று நிலையம் நம்மிடம் பெரிதாக ஒன்றுதான், 1987-இல் வந்த காடம்பாறை, 400 மெகாவாட். நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் கட்டி முடிக்க வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வடசென்னை_வாசி

அப்ப என்ன சார், கரியே இருக்கட்டுங்கிறீங்களா? எண்ணூர்ல வந்து ஒரு வாரம் தங்குங்க. கொசஸ்தலை ஆத்துல சாம்பல் கலந்து கிடக்கு. எங்க அப்பா காலத்துல இறால் பிடிச்ச இடத்துல இப்ப கால் வச்சா முழங்கால் வரைக்கும் சாம்பல் சேறு. பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல மூடுனாங்க, ஆனா பக்கத்துல வேற யூனிட் வந்துக்கிட்டேதான் இருக்கு. மானாவாரி நிலம் போகுதேன்னு நீங்க வருத்தப்படுறீங்க, நியாயம். எங்களுக்குப் போனது ஆறு, மூச்சு. எங்களைக் கேட்டா சோலார் நாளைக்கே வரட்டும்னுதான் சொல்லுவோம்.

இபி_ரிட்டயர்டு

கரி இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை ஐயா. செலவு யார் தலையில் என்று மட்டும்தான் சொன்னேன். சாம்பலுக்கு நீங்கள் கொடுத்த விலை எந்த பில்லிலும் ஏறவில்லை என்பதும் உண்மை.

கீதாரிபேரன் · கமுதி

கமுதின்னதும் எல்லாரும் அந்த ஒரு படத்தைத்தான் காட்டுவாங்க, மேல இருந்து எடுத்தது, நீலமா பாய் விரிச்ச மாதிரி. செங்கப்படைப் பக்கம் அதானி போட்ட 648 மெகாவாட். 2016-ல திறந்தப்ப ஒரே இடத்துல உலகத்துலயே பெருசுன்னு பேசுனாங்க. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், எட்டு மாசத்துல முடிச்சாங்க. கட்டுறப்ப 8,500 பேர் வரைக்கும் வேலை பாத்ததா செய்தி வந்துச்சு. எங்க ஊர்ல அப்ப ரூம் வாடகை, டிராக்டர் வாடகை, மெஸ்ஸு எல்லாம் எகிறுச்சு. கட்டி முடிச்சதும் எல்லாரும் போயிட்டாங்க. பேனலைத் துடைக்கக் கூட ரோபோ.

நிலம் தரிசுதானேன்னு சொல்றாங்க. தரிசுன்னா சும்மா கிடக்குன்னு அர்த்தமில்லை. அறுப்பு முடிஞ்சா அந்தக் காட்டுலதான் கிடை போடுவோம். ஆடு மேயும், புழுக்கை உரமாகும், நிலத்துக்காரர் நெல்லோ காசோ குடுப்பார். இடையில சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவங்க இருக்காங்க. பெரும்பாலும் நிலமே இல்லாத குடும்பம். அந்த மரம் நிலத்தடித் தண்ணியைக் குடிக்குதுன்னு திட்டுறாங்க, திட்டட்டும், ஆனா மழை இல்லாத வருஷத்துல அந்த மூட்டம்தான் அவங்களுக்குச் சோறு போட்டுச்சு. நிலம் வித்தவனுக்காவது ஒரு தடவை காசு வந்துச்சு. கிடை போட்டவனுக்கும் மூட்டம் போட்டவனுக்கும் பட்டா கிடையாது, அதனால நஷ்ட ஈடுங்கிற பேச்சே கிடையாது. இப்ப எங்க சித்தப்பா ஆட்டை ஓட்டிக்கிட்டுத் தஞ்சாவூர் பக்கம் போற மாசம் ஏறிக்கிட்டே போகுது.

அந்தக் கமுதி கரண்டை அரசாங்கம் யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு. ரெண்டு வருஷத்துலயே தமிழ்நாட்டு டெண்டர்ல 3 ரூபாய் 47 காசுக்கு ஆள் வந்துட்டான். முன்னாடி வந்தவனுக்கு லாபம், அதுக்கு நாமதான் பில்லு கட்டுறோம். இது கம்பெனி தப்பான்னு கேட்டா, அன்னைக்குப் பேனல் விலை அப்படின்னு சொல்வாங்க. இருக்கலாம்.

பிளாக்24 · நெய்வேலி

எல்லாரும் புதுசா வர்ற இடத்தைப் பத்தியே பேசுறீங்க. மூடப் போற ஊர்ல இருந்து ஒருத்தன் பேசுறேன்.

1956-ல என்எல்சி நிலக்கரிக் கம்பெனி ஆரம்பிச்சப்ப எங்க பாட்டன் நிலம் குடுத்தார். அப்பாவுக்கு பர்மனென்ட் வேலை. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல், போனஸ். மந்தாரக்குப்பத்துல ஒரு ஜவுளிக்கடைக்காரரைக் கேளுங்க, சம்பளத் தேதியை வச்சுத்தான் அவர் சரக்கு எடுப்பார். நான் கான்ட்ராக்ட். அதே சுரங்கம், அதே தூசி, சம்பளம் மட்டும் வேற. 2023 ஜூலைல வளையமாதேவியில கதிர் வர்ற நெல்லுல பொக்லைன் இறக்கினதை டிவில பாத்திருப்பீங்க. நிலம் குடுத்தவனுக்கு வேலைன்னு சொன்ன காலம் போய், நிலம் குடுத்தவன் ரோட்டுல நிக்கிற காலம்.

முதல் அனல் நிலையத்தை 2020-ல மூடுனப்ப ஆளுங்களைப் புது நிலையத்துக்கு மாத்துனாங்க, பெருசா அடி விழலை. இனிமே அப்படி மாத்த எங்க இடம்? இதே கம்பெனி ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்கள்ல சோலார் போட்டுருக்கு. பேலன்ஸ் ஷீட்டுல கம்பெனி பச்சையாயிரும். ஆனா பக்கெட் வீல் ஓட்டுறவன், கன்வேயர் பெல்ட் பாக்குறவன் விருதுநகர் போய் என்ன பண்ணுவான்? அங்க ஆளே வேண்டாமே. கம்பெனி ஒரு தொழில்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிரும். ஊர் தாவ முடியாது.

சுரங்கம் மூடணும்னு கேக்குற கடலூர் விவசாயிங்க பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். எங்க மாமனார் வீடே அந்தப் பக்கம்தான். வீட்டுல சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே இந்தச் சண்டை ஓடும்.

ரூர்_தமிழன் · ஜெர்மனி

நெய்வேலி அண்ணனுக்கு: நீங்க தோண்டுற அதே பழுப்பு நிலக்கரிதான் இங்க கிழக்குல லௌசிட்ஸ் பகுதியிலும். 1990-ல ரெண்டு ஜெர்மனியும் சேர்ந்ததும் சுரங்கங்களை மடமடன்னு மூடினாங்க. 80,000 பேருக்குப் பக்கமா இருந்த வேலை இன்னைக்குப் பத்தாயிரத்துக்கும் கீழ. இளவட்டம் மேற்கே போயிருச்சு, ஸ்கூல்களை மூடினாங்க. அந்தக் கசப்பு இன்னும் தேர்தல் முடிவுல தெரியுது.

நான் இருக்கிற ரூர் பகுதி மேற்கு. இங்க நிலக்கரியைக் கைவிட அரை நூற்றாண்டு எடுத்துக்கிட்டாங்க. கடைசிச் சுரங்கம் பாட்ராப்ல 2018 டிசம்பர்ல மூடுச்சு. யாரையும் திடீர்னு நிறுத்தலை. வயசானவங்களுக்கு முன்கூட்டியே ஓய்வு, சின்ன வயசுக்காரங்களுக்கு வேற பயிற்சி. இப்ப பழுப்பு நிலக்கரிக்கும் 2020-ல சட்டம் போட்டு 2038 கடைசித் தேதி, அந்தப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரைக்கும் ஒதுக்கீடு. தேதி முதல்ல, காசு கூடவே, மூடுறது அப்புறம். இவ்வளவு செஞ்சும் ரூர்ல வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டுச் சராசரியை விட அதிகம்தான், சொர்க்கம்னு நினைச்சுராதீங்க.

கரிசல்மண் கேட்டதுக்கு நேரடியா ஒண்ணு. காற்றாலை பக்கத்துல இருக்கிற ஊராட்சிக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரைக்கும் கம்பெனி குடுக்கலாம்னு இங்க சட்டத்துல இருக்கு. ரெண்டரை கிலோமீட்டர் சுத்தளவுல உள்ள ஊர்களுக்கு. எங்க மாநிலத்துல ஊருக்குப் பங்கு குடுத்தே ஆகணும்னு ஆக்கிட்டாங்க. பிராண்டன்பர்க் மாநிலத்துல அதுக்கு முன்னாடியே ஒரு காத்தாடிக்கு வருஷம் 10,000 யூரோ. ஊர்க்காரங்க கூட்டுறவு சேர்த்து அவங்களே காற்றாலை வச்சிருக்கிற இடமும் நிறைய உண்டு.

இபி_ரிட்டயர்டு

நல்ல தகவல். நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன், தோராயம்தான்.

2 மெகாவாட் காற்றாலை ஒன்று நல்ல காற்று இருக்கும் இடத்தில் வருடத்துக்கு 47 லட்சம் யூனிட் தரும் என்று வைப்போம். ஜெர்மனிக்காரர் சொன்ன 0.2 சென்ட் நம் காசில் கிட்டத்தட்ட 20 பைசா. இங்கே விற்கிற விலை குறைவு, அதனால் 5 பைசா போதும் என்போம். ஒரு காற்றாலையில் இருந்து ஊராட்சிக்கு வருடம் 2 லட்சத்து 35 ஆயிரம். சோலாரில் ஒரு மெகாவாட் சுமார் 16 லட்சம் யூனிட். 100 மெகாவாட் பூங்கா என்றால் 80 லட்சம் ரூபாய். கமுதி அளவுக்கு என்றால் வருடம் 5 கோடிக்கு மேல். யூனிட்டுக்கு 5 பைசா மின்கட்டணத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு கிராம ஊராட்சிக்கு 80 லட்சம் என்பது குளம், பள்ளிக்கூடம், குடிதண்ணீர்.

கரிசல்மண்

ஐயா, இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். எங்க ஊருக்குக் கம்பெனி இதுவரைக்கும் செஞ்சது கோயில் கொடைக்கு ஒரு நன்கொடை, ஸ்கூலுக்கு பெஞ்சு. அதுக்கே பிளெக்ஸ் வச்சாங்க.

மன்னார்_தோணி · மன்னார்

எங்கட கதையையும் கேளுங்கோ. மன்னார் தீவில தென்கரையோரம் தம்பபவனி எண்டு 30 காற்றாலை 2020 கடைசியில திறந்தவை, நூறு மெகாவாட் சொச்சம். சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, பிடிச்சால் நல்லா ஓடும். கரண்ட் தேசியக் கட்டமைப்புக்குப் போகுது. எங்களுக்குத் தனியா ஒண்டும் மலிவில்லை.

தீவு கடல் மட்டத்தோட கிடக்கிற மணல் நிலம். கோபுரத்துக்கு அத்திவாரமும் றோட்டும் போட்டாப் பிறகு மழைத்தண்ணி ஓடுற வழி மறிபட்டு வீட்டுக்குள்ள வெள்ளம் நிக்குது எண்டு சனம் சொல்லுது. கரைவலை இழுக்கிற ஆக்கள் மீன் விலகிப் போட்டுது எண்டு சொல்லீனம். வலசை வாற பறவையளின்ர பாதையும் இதுதான். பிறகு அதானியின்ர பெரிய திட்டம் எண்டிச்சினம், வழக்கு, விலைப் பிரச்சினை எண்டு இழுபட்டு 2025 பெப்ரவரியில அவையள் விலகிட்டினம். வேற கம்பனி வந்தது. 2025 ஆகஸ்டில ஊரே றோட்டுக்கு வந்தது, ஃபாதர்மாரும் சேர்ந்து. ஜனாதிபதி ஒரு மாசம் நிப்பாட்டச் சொன்னவர். சனம் காற்றாலைக்கு எதிரியில்லை. தீவுக்குள்ள வேண்டாம், பெருநிலப் பக்கம் கொண்டுபோங்கோ எண்டுதான் கேட்டது.

மற்றப் பக்கமும் இருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில டீசல் ஜெனரேட்டரிலதான் கரண்ட். அங்க சோலாரும் காற்றாலையும் பற்றரியும் சேர்த்துப் போட இந்தியா 1.1 கோடி டொலர் நன்கொடை எண்டு 2024-ல ஒப்பந்தம் வைச்சவை. அதுக்கு ஒருத்தரும் எதிர்ப்பில்லை, ஏனெண்டால் வாற கரண்ட் அந்தத் தீவுக்குத்தான். இரண்டு திட்டத்தையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் சனம் என்னத்துக்குக் கோவிக்குது எண்டு விளங்கும்.

ஸ்பின்னிங்மாஸ்டர்

மன்னார் நண்பருக்கு ஒரு கேள்வி. போன வருஷம் ஏப்ரல்ல வீட்டுக்கூரை சோலாரை ஆஃப் பண்ணி வைக்கச் சொன்னது உங்க நாட்டுலதானே?

மன்னார்_தோணி

ஓம் அண்ணை. 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம். ஃபாக்டரி எல்லாம் பூட்டு, பாவனை குறைவு, வெயில் உச்சம். கட்டமைப்பு தாங்காது எண்டு பகலில நிப்பாட்டச் சொன்னவை. கடன் எடுத்துப் பூட்டின ஆக்களுக்கு வயிறு எரிஞ்சது.

நெறியாளர்

நேத்து ராத்திரி வந்த கட்சிச் சண்டைப் பதிவுகளை நீக்கியாச்சு. யார் ஆட்சியில எந்த ஒப்பந்தம்ங்கிறதுக்குத் தனி இழை இருக்கு. இங்க ஊர் அனுபவம் மட்டும்.

கங்கைகொண்டான்_ஷிப்ட் · திருநெல்வேலி

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் எழுதுறேன். நான் டிப்ளமோ முடிச்சிட்டு சோலார் செல் பேக்டரியில வேலை பாக்குறேன். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. கங்கைகொண்டான் சிப்காட்ல டாடா பவர் பேக்டரி 2025 பிப்ரவரில முறையா திறந்தது எல்லாருக்கும் தெரியும், வருஷத்துக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்கு செல்லும் பேனலும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்துல ஃபர்ஸ்ட் சோலார் 2024-ல வந்துருச்சு. இந்த வேலைக்கு அதிகமா எடுக்கிறது பொண்ணுங்களைத்தான்.

எங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு முன்னாடி இருந்த வழி பீடி சுத்துறது, இல்லைன்னா மில்லு ஹாஸ்டல். பீடி சுத்துன எங்க அம்மாவுக்கு முதுகும் போச்சு, நெஞ்சும் போச்சு. நான் வெள்ளைக் கோட்டு, முகத்துக்கு மாஸ்க், ஏசி ரூம், கையில செல் வேஃபர். கீழ விழுந்தா அப்பளம்தான். ஷிப்ட் பஸ் தெருமுனைக்கு வரும். பி.எஃப் பிடிக்கிறாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா கல்யாணப் பேச்சை எடுக்கிற சொந்தக்காரங்களுக்கு அம்மாவே பதில் சொல்லிடுறாங்க.

அதனால 'சோலார்ல ஊருக்கு வேலையே இல்லை'ன்னு மொத்தமா சொல்லாதீங்க அண்ணா. பேனல் நிக்கிற இடத்துல வேலை இல்லை, பேனல் செய்யிற இடத்துல இருக்கு. ரெண்டும் ஒரே ஊர்ல இல்லைங்கிறதுதான் பிரச்சினை. இந்த வேலை எத்தனை வருஷம் நிக்கும்னும் தெரியலை. சீனாக்காரன் விலையைக் குறைச்சா எங்க லைன்ல பேச்சு மாறிடும்.

ஆரல்வாய்க்காத்து

நல்லா சொன்னீங்கம்மா.

வாடகைவீட்டுக்காரி · சென்னை

நகரத்துக் கதை ஒண்ணு. மத்திய அரசோட கூரை சோலார் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சொந்த வீடு, சொந்த மொட்டை மாடி, கையில மிச்சம் போடக் காசு இருக்கிறவங்களுக்கு லாட்டரி. வாடகைக்காரங்க? அபார்ட்மெண்ட்ல நாலாவது மாடிக்காரங்க? எங்க ஓனர் மாடில பேனல் போட்டாரு. அவர் பில் விழுந்துருச்சு, எனக்கு யூனிட்டுக்கு வாங்குற ரேட் மட்டும் அப்படியே இருக்கு. மானியம் நம்ம எல்லார் வரிப்பணம். சின்னப் பட்டறைக்காரங்க கூரையில போட்டா நெட்வொர்க் கட்டணம்னு ஒண்ணு, அதைப் போராடித்தான் பாதியாக் குறைச்சாங்க.

பத்திரக்கணக்கு · ராஜபாளையம்

நிலக் குத்தகைப் பத்திரங்கள் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கரிசல்மண் தம்பிக்கு நேரடியாகச் சில விஷயங்கள்.

விற்காமல் குத்தகைக்குக் கொடுக்க முடிந்தால் அதுவே மேல். ஆனால் குத்தகை என்ற பெயரில் நீட்டுகிற எல்லாம் குத்தகை இல்லை. சில இடங்களில் புரோக்கர் தன் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம், நீங்கள் 'பவர்' என்று சொல்வது, அதை வாங்கிவைத்துக் கம்பெனிக்குக் கிரயம் செய்துவிடுகிறார். பவர் கொடுக்காதீர்கள், கம்பெனியோடு நேரடியாகப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் 29 வருடம் சொச்சம் என்று எழுதுவார்கள், முப்பதைத் தொட்டால் முத்திரைத்தாள் செலவு ஏறும் என்பதால். அதில் பிழையில்லை. வருடாந்திர வாடகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும் என்று எண்ணில் இருக்க வேண்டும். 'பரஸ்பர சம்மதப்படி' என்று இருந்தால் ஏறாது.

கூட்டுப்பட்டாவில் பாதிப் பேர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பிரிபடாத பங்கை வாங்கியவர் நாளை உங்களோடு பங்குதாரராக வந்து உட்காருவார். முதலில் பாகப்பிரிவினை, தனிப்பட்டா, பிறகு பேச்சு. பனை இருக்கிறதா? 2021-க்குப் பிறகு பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். உங்கள் பக்கம் இரவோடு இரவாகப் பிடுங்கிப் பிரச்சினையானது தெரியும். எத்தனை பனை என்று பத்திரத்தின் அட்டவணையிலேயே எழுதுங்கள்.

கரிசல்மண்

அண்ணே, பனை நிறைய இருக்கு. அதை விட எனக்குப் பயம் ஓடை. எங்க காட்டுத் தண்ணி பூரா ஒரு ஓடையில சேர்ந்துதான் கண்மாய்க்குப் போகுது. பக்கத்து ஊர்ல நிலத்தை மட்டம் பண்ணி வேலி போட்டதுல வரத்துக்கால் மறைஞ்சு, போன ஐப்பசியில கண்மாய் பாதிகூட நிறையலை. கேட்டா, பட்டா நிலத்துல எங்க இஷ்டம்ங்கிறாங்க.

பங்காளிகளோட பேசிட்டேன். விக்கிறதில்லைன்னு இப்போதைக்கு முடிவு. குத்தகைன்னா இந்த இழையில வந்ததை வச்சு நாலு நிபந்தனை எழுதிக் குடுக்கப் போறோம். ஊராட்சிக்கு யூனிட்டுக்கு 5 பைசா கணக்கும் அதுல ஒண்ணு. சட்டத்துல இல்லைன்னு சொல்வாங்க. ஒப்பந்தத்துல எழுதக் கூடாதுன்னும் சட்டம் இல்லையே?

பத்திரக்கணக்கு

எழுதலாம். ஊராட்சியைத் தனித் தரப்பாகச் சேர்த்து, கிராம சபைத் தீர்மானமும் இணைத்தால் நல்லது. ஒரே ஒரு குடும்பம் கேட்டால் கம்பெனி அடுத்த சர்வே நம்பருக்குப் போய்விடும். நடுவில் இருக்கிற முக்கியமான துண்டுகள் யாருடையவை என்று பாருங்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டால் பேச்சே வேறு.

ஓடைக்கு வாய்ப்பேச்சு உதவாது. எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடமும், வருவாய்த்துறையின் அ-பதிவேடு நகலும் எடுங்கள். அதில் ஓடை புறம்போக்கு என்று இருந்தால் யாரும் மூட முடியாது, தாசில்தாருக்கே மனு போடலாம். பட்டாவுக்குள் ஓடுகிற வரத்துக்கால் என்றால் அது பதிவில் இருக்காது. அதை நீங்கள்தான் அளந்து, படம் போட்டு, பத்திரத்தோடு சேர்க்க வேண்டும்.

ஆரல்வாய்க்காத்து

இன்னொண்ணு மறந்துராதீங்க தம்பி. காலம் முடிஞ்சா யார் கழட்டுறது? எங்க பக்கம் பழைய காத்தாடியை எடுத்துட்டுப் புதுசு வைக்க 2024-ல அரசாங்கம் கொள்கை போட்டிருக்கு. மெஷின், இரும்பு எல்லாம் பழைய விலைக்குப் போயிரும். அடியில கிடக்கிற கான்கிரீட்டும் ஃபைபர் இறக்கையும்தான் யாருக்கும் வேண்டாம். எங்க சித்தி மகன் நிலத்துல அப்படி ஒரு கான்கிரீட் கிடக்கு, டிராக்டர் கலப்பை அதைச் சுத்தித்தான் போகணும். உங்களுக்குப் பேனலும், அதைத் தாங்குற இரும்புக் காலும். அதை எடுக்கிறதுக்கான பணத்தை இப்பவே பேங்க்ல டெபாசிட்டா போடச் சொல்லுங்க. இருபத்தொம்பது வருஷம் கழிச்சு அந்தக் கம்பெனி எந்தப் பேர்ல இருக்குமோ, இருக்குமோ இருக்காதோ.

கரிசல்மண்

ஆமாண்ணே. அப்ப நிபந்தனை அஞ்சு. எஃப்எம்பிக்கு நாளைக்கே மனு போடுறேன்.